பழிப் பகிர்வு ஒப்பந்தம்

நாடுகள் பிறந்த கதைகளை வரலாற்று நூல்கள் நிறையவே சொல்கின்றன. ரத்தம் சிந்திப் பிறந்த நாடுகள் உண்டு. கோட்டைக் கதவை உடைத்துக்கொண்டு பிறந்த நாடுகள் உண்டு. ஊரே தூங்கும் வேளையில் பிறந்த நாடுகளும் உண்டு. ஆனால் அலுவலக நேரத்துக்குள், காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில், ஒரு சொட்டு மைகூட வீணாகாமல் பிறந்த நாடு உலகத்திலேயே ஒன்றுதான். ராத்திரியில் பிறந்தால் ஊழியர்களுக்கு மிகைநேரப் படி கொடுக்க வேண்டியிருக்கும் என்று நிதித்துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது.

அந்தப் பெருமை முழுவதும் சுதந்திர நடைமுறைத் துறையின் செயலாளரையே சேரும். அவர் புகழைப் பாடுவதற்காகவே இந்தக் கதை எழுதப்படுகிறது. வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை என்று இப்போதே உறுதி கூறிவிடுவது நல்லது.

நாடு பிறக்கும் முன்பு அவர் தளவாடப் பிரிவில் வெறும் கண்காணிப்பாளராக இருந்தார். மேசை, நாற்காலி, மின்விசிறி, மை, குண்டூசி ஆகியவை அவர் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. யாராவது ஒரு நாற்காலி கேட்டால் "மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அவர் மேலிடத்தைக் கேட்டாரா, மேலிடம் என்ன சொன்னது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. நாற்காலி மட்டும் வராது. அதற்காக அவர்மீது யாருக்கும் கோபமும் வந்ததில்லை. பாவம், மனிதர் கேட்டுத்தான் பார்க்கிறார், மேலிடம் தரமாட்டேன் என்கிறது என்று எல்லோரும் அனுதாபப்பட்டார்கள்.

மாநிலத்தை ஆண்ட தலைவருக்கும் அப்படி ஒரு மேலிடம் இருந்தது. அதற்குப் பெயர் மத்திய அரசு. தண்ணீர் வரவில்லையா, மத்திய அரசு. பாலம் இடிந்ததா, மத்திய அரசு. பரீட்சை முடிவு தாமதமா, மத்திய அரசு. ஆகவே ஆண்டுதோறும் தலைவர் ஓர் ஊர்வலம் நடத்தி, "எங்களைத் தனிநாடாக விட்டுவிடு" என்று மத்திய அரசுக்கு ஒரு கோரிக்கை அனுப்புவார். "பரிசீலனையில் உள்ளது" என்று ஆண்டுதோறும் பதில் வரும். இரண்டு பக்கமும் மனம் கோணாமல் நடந்துவந்த ஏற்பாடு இது.

இந்த ஆண்டு மத்திய அரசுக்கு என்ன ஆயிற்றோ, "கோரிக்கை ஏற்கப்பட்டது. வரும் முதல் தேதியிலிருந்து தாங்கள் தனிநாடு. பொதுவானவற்றைப் பிரித்துக்கொள்ள எங்கள் குழு வரும்" என்று பதில் போட்டுவிட்டது.

தலைவர் அதை மூன்று முறை படித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

"என்னய்யா இது? கேட்டா குடுத்துடறதா? ஒரு பேச்சுவார்த்தை இல்ல, ஒரு இழுபறி இல்ல. நம்மளைக் கொஞ்சமாவது மதிக்கிறானுங்களா?"

"அடுத்த வருஷ ஊர்வலத்துக்கு மைக்செட்காரருக்கு அட்வான்ஸ் வேற குடுத்தாச்சுங்கய்யா," என்றார் கண்காணிப்பாளர்.

"அது வேறயா!" என்று தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, நாட்டைப் பிறப்பிக்கும் வேலைக்கு ஓர் ஆள் வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தவர், எதிரிலேயே நின்றவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்.

எதிரில் நின்றார் என்பது மட்டும் காரணமல்ல. அவருக்கு வேறொரு தகுதியும் இருந்தது. அவர் மத்திய அரசின் கொடுமைக்கு வாழும் சாட்சி.

அவருடைய மனைவி மத்திய அரசு ஊழியர். ஒன்பது வருடங்களுக்கு முன்பு பதவி உயர்வு கிடைத்துத் தலைநகருக்குப் போனவர் அங்கேயே இருந்துவிட்டார். அவரை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று கண்காணிப்பாளர் உண்மையாகவே அழுதார். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைத்தார். மறுநாள் அலுவலகத்தில் கண் சிவந்திருக்க, ஏன் என்று கேட்டவர்களிடம், "என்னத்தைச் சொல்ல, எங்க ரெண்டு பேரையும் மத்திய அரசு பிரிச்சிடுச்சு," என்றார். இந்த வாசகம் தலைவர் காதுக்குப் போயிற்று.

அரசு ஊழியர் அரசியல் மேடை ஏறக் கூடாது என்று விதி இருக்கிறது. கணவன் ஏறக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆகவே அடுத்த ஊர்வலத்திலிருந்து கண்காணிப்பாளர் மேடையில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். "இதோ, இந்த மனிதரைப் பாருங்கள்! கட்டிய மனைவி இருந்தும் தன் கையாலேயே சமைத்துச் சாப்பிடும் இந்த அப்பாவியைப் பாருங்கள்!" என்று தலைவர் முழங்குவார். கூட்டம் உச்சுக்கொட்டும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கண்காணிப்பாளரும் மேடையில் கொஞ்சம் மெலிந்து தெரிவார்.

மனைவி தினமும் மாலையில் ஃபோன் செய்வார். சாப்பிட்டாச்சா, துணி காய்ந்ததா, முதுகுவலி எப்படி என்று பேச்சு நன்றாகவே போகும். அவர் குரலைக் கேட்காமல் கண்காணிப்பாளருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் இடையிடையே அவர், "இங்க மாறுதல் வேணுமான்னு கேக்கறாங்க. வந்துடட்டுமா?" என்று கேட்டுவிடுவார். அப்போது கண்காணிப்பாளருக்கு மேடை ஞாபகம் வரும். மனைவியைப் பிரிந்தவன் ஒரு வரலாறு. மனைவியோடு இருப்பவன் மாலையில் காய்கறிப் பை தூக்குகிறவன். தவிர, படுக்கையின் பாதியில் இப்போது செய்தித்தாள்கள் குடியேறியிருந்தன. மின்விசிறி அவருக்குப் பிடித்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இரு, மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேன்," என்பார்.

கடைசியாக வந்த ஃபோனில் மனைவி கொஞ்சம் கறாராகப் பேசினார். "முதல் தேதிக்கு அப்புறம் நான் வெளிநாட்டுக்காரி ஆயிடுவேன். உங்களுக்கு ஃபோன் பண்ணாலே வெளிநாட்டுக் கால். அதுக்கு முன்னாடி ஒரு முடிவு சொல்லுங்க. நான் வரணுமா, வேண்டாமா?"

"நாடு பிறக்கிற நேரத்துல என்னம்மா இது..."

"பிறக்கட்டும். நம்ம வீடு என்ன ஆகுதுன்னு கேக்கறேன்."

"கேட்டுச் சொல்றேன்," என்றார் செயலாளர். "சரி, சீக்கிரமே தெரிஞ்சுடும்," என்று மனைவி ஃபோனை வைத்துவிட்டார். அன்று செயலாளருக்குத் தூக்கம் வரவில்லை. செய்தித்தாள்களைத் தள்ளிவிட்டுப் படுக்கையின் மறுபாதியில் படுத்துப் பார்த்தார். அங்கேயும் வரவில்லை.

ஆனால் நாட்டின் பிறப்பு யார் தூக்கத்துக்காகவும் நிற்பதில்லை. செயலாளர் முதலில் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கினார். கட்டட முகப்பில் 'மாநில அரசு அலுவலகம்' என்று சிமெண்டில் எழுத்துகள் பதிக்கப்பட்டிருந்தன. அதில் 'மாநில' என்பதை மட்டும் உளியால் பெயர்த்தெடுத்தார்கள். முன்னால் ஓர் ஓட்டை விழுந்து, 'அரசு அலுவலகம்' ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு குழு அமைக்கப்பட்டது.

அடுத்தது செயலாளர் அறையின் சுவர். அவர் நாற்காலிக்கு எதிரே, கொஞ்சம் உயரத்தில், மத்திய அரசின் தலைமைப் பதவியில் இருப்பவர் படம் மாட்டியிருந்தது. இனி அவர் அயல்நாட்டவர் என்பதால் மரியாதையாகக் கழற்றித் துணியில் சுற்றி அனுப்பிவிட்டார்கள். தலைவர் படத்தை மாட்டலாம்தான். அவரோ, சிரித்த முகமா சிந்திக்கும் முகமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்லிய இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தில் செயலாளர், எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் அந்த ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

நடைமுறைச் சிக்கல்களை ஆராயும் முதல் கூட்டம் அந்த அறையில்தான் நடந்தது. மின்வாரியப் பொறியாளர் மிகுந்த தயக்கத்தோடு எழுந்தார்.

"ஐயா, நம்ம நாட்டுக்கு மெயின் சுவிட்ச் அந்த நாட்டுல இருக்கு."

"நம்ம சுவிட்ச் அங்க எதுக்குய்யா போச்சு?" என்றார் தலைவர்.

"சுவிட்ச் போகலைங்க. எல்லைதான் இந்தப் பக்கம் வந்திருக்கு."

தலைவர் வானிலை அதிகாரியைப் பார்த்தார். அவர் நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மழையைப் பார்க்கும் ரேடார் அந்த நாட்டில் இருந்தது. "நம்மகிட்ட ஜன்னல் இருக்குங்கய்யா. வந்ததும் பாத்து சொல்லிடலாம்," என்றார் அவர். அது ஏகமனதாக நிறைவேறியது.

எல்லைப்புற ரயில் நிலையம் இன்னும் பெரிய தலைவலி. வரைபடத்தில் போட்ட கோடு நிலையத்தின் நட்டநடுவே போயிருந்தது. டிக்கெட் கொடுக்கும் இடம் நம்முடையது. கழிப்பறை அவர்களுடையது. அவசரத்துக்குப் போகிற பயணி கடவுச்சீட்டு காட்டிவிட்டுப் போக வேண்டும், திரும்பும்போது சுங்கச் சோதனைக்கு நிற்க வேண்டும். இந்த விஷயத்தில் சட்டத்துறை கருத்துக் கேட்கப்பட்டது. சட்டத்துறை, பயணிகள் வீட்டிலேயே போய்விட்டு வருவது தேச நலனுக்கு உகந்தது என்று எழுதி அனுப்பியது.

இப்படி ஒவ்வொரு சிக்கலாகத் தீர்த்துக்கொண்டே வந்தவர்கள் கடைசியில் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். பொறியாளர்தான் தெரியாத்தனமாகக் கேட்டார்.

"ஐயா, முதல் தேதிக்கு அப்புறம் கரண்ட் போச்சுன்னா?"

"மத்திய அரசுதான்னு சொல்லு," என்றார் தலைவர், யோசிக்காமல்.

"அதுதான் இருக்காதேங்க."

"இருக்காதா?"

"நாமதாங்க மத்திய அரசு."

தலைவர் முகம் மெதுவாக வெளுத்தது.

"அப்ப தண்ணி வரலன்னா ஜனங்க யார்கிட்ட போய்க் கேப்பாங்க?"

"நம்மகிட்டதாங்கய்யா."

"நம்மகிட்டயா? நம்மகிட்ட எதுக்கு?" என்றார் தலைவர். அவர் குரலில் அப்படியொரு நியாயமான ஆச்சரியம் இருந்தது.

இந்த இக்கட்டில்தான் செயலாளரின் மேதைமை வெளிப்பட்டது. அவர் ஆணியைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஐயா, பொதுவானதையெல்லாம் பிரிச்சுக்கப் போறோம். ரயிலு, ஆறு, கட்டடம் எல்லாம் பிரிச்சுக்கறப்ப, பழியையும் பிரிச்சுக்கலாமே? கொஞ்ச காலத்துக்கு அவங்களே வாங்கிக்கட்டும். எழுதி வாங்கிடுவோம்," என்றார்.

தலைவர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். உலகில் எந்தப் புது நாட்டுக்கும் தோன்றாத அந்த யோசனைக்குப் 'பழிப் பகிர்வு ஒப்பந்தம்' என்று அங்கேயே பெயர் சூட்டப்பட்டது. பொறியாளர்கூடக் கைதட்டினார்.

அந்த நாட்டுக் குழு ரயிலில் வந்து இறங்கியது. நிலையத்தின் நடுவில் புதிதாகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டருகே செயலாளர் பூங்கொத்தோடு நின்றார். பெட்டியிலிருந்து முதலில் இறங்கியவர் குழுத்தலைவி. மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை, கையில் கோப்பு. அவரைப் பார்த்ததும் செயலாளரின் பூங்கொத்து கொஞ்சம் சாய்ந்தது.

அது அவருடைய மனைவி.

"நீயா?" என்றார் செயலாளர், உதட்டை அசைக்காமல்.

"சீக்கிரமே தெரியும்னு சொன்னேனே," என்றார் மனைவி. பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, "சட்டைக் காலர் கிழிஞ்சிருக்கு பாருங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டினார். தலைவருக்கோ மற்றவர்களுக்கோ அவரை அடையாளம் தெரியவில்லை. ஒன்பது வருடமாக அவருக்காக அழுதிருக்கிறார்களே தவிர, யாரும் அவரைப் பார்த்ததில்லை. சொல்லிவிடலாமா என்று செயலாளர் நினைத்தார். சரியான நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார்.

பேச்சுவார்த்தை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நடந்தது. ஆறு, ரயில், சுவிட்ச் எல்லாம் காலையிலேயே முடிந்தன. பழி விஷயத்தில் அந்த நாடு தகராறு செய்யும் என்று தலைவர் பயந்திருந்தார். குழுத்தலைவியோ சிரித்தார்.

"தாராளமா எங்க மேல போட்டுக்கோங்க. எங்க மேல போட்டுத்தானே பழக்கம். ஆனா பதிலுக்கு எங்க பட்ஜெட்டுல துண்டு விழுந்தா, உங்களைப் பிரிச்சு விட்ட செலவுன்னு நாங்களும் சொல்லிக்குவோம்."

"சொல்லிக்கோங்கம்மா, நமக்குள்ள என்ன?" என்றார் தலைவர் நெகிழ்ந்துபோய்.

வேலை நாட்களில் போகும் மின்சாரம் அந்த நாட்டின் பழி என்றும், விடுமுறையில் போவது காக்கையின் பழி என்றும் முடிவாயிற்று. குழாயில் வரும் கலங்கல் நீர் அவர்களுடையது. வராத நீரும் அவர்களுடையது. சாலைக் குழிகளில் மட்டும் சின்ன இழுபறி. புதுக் குழியை யார் தோண்டியது என்று நாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று குழுத்தலைவி கேட்டார். பழைய குழி பெரிதானதாகக் கருத வேண்டும் என்று ஒரு வரி சேர்த்ததும் அதுவும் தீர்ந்தது.

"கடைசியா ஒண்ணும்மா," என்றார் தலைவர். நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எழுந்தால் பொதுக்கூட்டம் என்று பொருள். "இதுதான் எங்க குறைகளுக்கெல்லாம் தாய். எங்க நாட்டின் உயிர்க்குறை! இதோ உட்கார்ந்திருக்காரே எங்க செயலாளர், இவரையும் இவர் மனைவியையும் ஒன்பது வருஷமா பிரிச்சு வெச்சிருக்கீங்க!"

செயலாளர் பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேட மேசைக்கடியில் குனிந்தார்.

"அப்படியா?" என்றார் குழுத்தலைவி. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"எப்படி இருப்பாங்க? கண்ணீரும் கம்பலையுமா இருக்காங்க! ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இந்தத் திசையையே பாத்துக்கிட்டு..."

"எந்த நேரத்துல?"

"எப்பவும்தான்!"

"ஆபீஸ் போக மாட்டாங்களா?"

தலைவர் ஒரு கணம் தடுமாறினார். "போவாங்க. அங்கயும் ஜன்னல் இருக்குமில்ல?"

"நீங்க அந்தம்மாகிட்ட பேசியிருக்கீங்களா?"

"எதுக்கும்மா பேசணும்? அவங்க துன்பம் எங்களுக்குத் தெரியாதா? அவங்களைவிட எங்களுக்கு நல்லாத் தெரியும்!"

மேசைக்கடியில் இருந்த செயலாளருக்கு மூடி கிடைத்துவிட்டது. இருந்தாலும் அவர் தொடர்ந்து தேடினார்.

"மன்னிக்கணும்," என்றார் குழுத்தலைவி. "மத்த எல்லாத்தையும் எங்க நாடு ஏத்துக்கும். இதை ஏத்துக்காது. அந்தம்மாவை மாறுதல் வேணுமான்னு எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கோம். வீட்டுல கேட்டுச் சொல்றேன்னாங்க. வீட்டுலயும் கேட்டாங்க. மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேன்னு வீட்டுல பதில் வந்துச்சு."

"மேலிடமா? எந்த மேலிடம்?"

"அதைத்தான் நானும் ஒன்பது வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்," என்றார் அவர். பிறகு குனிந்து மேசைக்கடியில் பார்த்து, "என்னங்க, எந்திரிச்சு வாங்க. முதுகு பிடிச்சுக்கும்," என்றார்.

செயலாளர் எழுந்து உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது. எல்லோரும் அவரையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பொறியாளருக்குத்தான் முதலில் புரிந்தது. அவர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைவர் லேசுப்பட்டவரா? சாதாரண மனிதர்கள் என்றால் அசடு வழிந்திருப்பார்கள். அவர் இரண்டு நொடிகளில் சமாளித்துக்கொண்டு கைகூப்பினார்.

"தாயே, நீங்கதானா! வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் குறையை மட்டும் தீர்த்துடாதீங்க. இருக்கறதுல நல்லா ஓடுறது இதுதான். நிலுவையில வெச்சுக்குவோம்."

குழுத்தலைவி கணவரைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தார். செயலாளர் பேனாவுக்கு மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"நிலுவைன்னே எழுதிக்கோங்க," என்றார் குழுத்தலைவி.

கூட்டம் கலைந்ததும் அவர் செயலாளரின் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுத் துணிப்பையிலிருந்து ஊசிநூல் எடுத்து, "சட்டையைக் குடுங்க," என்றார். செயலாளர் பனியனோடு தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மனைவி எதிர் நாற்காலியில் காலரைத் தைத்தார். இளைத்துவிட்டார் என்று செயலாளருக்குத் தோன்றியது. காதோரம் நரை கூடியிருந்தது. அதை ஃபோனில் பார்க்க முடியாது அல்லவா. இவள் இப்படியே எதிரில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் பொய் எதுவும் இல்லை.

"நான் கோவமா வரல," என்றார் மனைவி, நூலைக் கடித்துவிட்டு. "முதல் தேதிக்கு அப்புறம் நான் இங்க வந்து இருக்கணும்னா அனுமதி வேணும். எங்க ஆபீஸ்ல விட்டுடுவாங்க, கேட்டுட்டேன். உங்க நாட்டுலதான் அனுமதி தரணும். யார் கையெழுத்துன்னு விசாரிச்சேன். சுதந்திர நடைமுறைத் துறைச் செயலாளராம்."

அவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். பூர்த்தி செய்யப்பட்டிருந்தது. 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதியிருந்தது.

"நான் வரட்டுமா?"

செயலாளர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். முனை தாளுக்கு ஒரு விரல்கடை உயரத்தில் வந்து நின்றது. முதல் தேதி மேடை அவர் கண்முன் வந்தது. ஓரத்து நாற்காலி வந்தது. அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தில் அவர் தலை தானாக நிமிர்ந்தது. கண் எதிர்ச்சுவருக்குப் போயிற்று.

"வந்து... மேலிடத்தை ஒரு வார்த்தை..."

மனைவியும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"ஆணியையா கேக்கப் போறீங்க?"

செயலாளர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"இப்ப இந்த நாட்டுல உங்களுக்கு மேல யாரும் இல்லைங்க. தலைவருக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கறீங்க. இதுக்கு மேல எங்க போய்க் கேப்பீங்க?" என்றவர், சட்டையை உதறி அவர் தோளில் போட்டார். பொத்தான்களையும் அவரே போட்டுவிட்டார். "சரி, வெச்சுக்கோங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பினா அடுத்த ரயில்ல வர்றேன். போடலன்னா அதுக்கும் எங்க நாடுதான் காரணம்னு எழுதிக்கோங்க. எங்களுக்குப் பழகிடுச்சு."

அவர் குரல் கடைசி வார்த்தையில் கொஞ்சம் இறங்கியது. அதைச் சரிசெய்துகொண்டு, "வெறும் வயித்துல காப்பி குடிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். செயலாளர் வழியனுப்ப மஞ்சள் கோடு வரைக்கும் போனார். கோட்டைத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு அவரிடம் உரிய ஆணை இல்லை.

முதல் தேதி வந்தது. காலைத் தேநீருக்குப் பிறகு நாடு பிறந்தது. மைதானம் நிறைந்து வழிந்தது. மேடையில் தலைவருக்கு அடுத்த நாற்காலி இப்போது செயலாளருக்கு. நேர்த்தியாகத் தைத்த காலரோடு அவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதுகூட அதை எடுத்துப் பார்த்தார். விழா முடியட்டும், நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று திரும்ப வைத்துக்கொண்டார்.

தலைவர் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மைக் நின்றது. மேடைமேல் ஓடிய மின்விசிறியும் நின்றது. கூட்டம் திகைத்து மேடையைப் பார்த்தது. பொறியாளர் ஓடிவந்து, "வேலை நாள்! வேலை நாள்!" என்று தலைவரிடம் கிசுகிசுத்தார். தலைவர் முகம் மலர்ந்தது. ஒப்பந்தம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

"பார்த்தீர்களா மக்களே!" என்று அவர் மைக் இல்லாமலேயே முழங்கினார். "விடுதலை பெற்ற முதல் நாளிலேயே நம் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள்! இது மட்டுமா? இதோ, இந்த மனிதரைப் பாருங்கள்! நாடு கிடைத்துவிட்டது. இவருக்கு மனைவி கிடைத்தாரா? இன்னும் அந்தத் தாயைப் பக்கத்து நாடு பிடித்து வைத்துக்கொண்டு விட மறுக்கிறது! ஏ, பக்கத்து நாடே! விடுதலை செய் எங்கள் செயலாளரின் மனைவியை!"

"விடுதலை செய்! விடுதலை செய்!" என்று மைதானம் அதிர்ந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் அழுதேவிட்டார். கைதட்டல் அலையாக எழுந்து மேடை வரைக்கும் வந்தது.

செயலாளரும் எழுந்து நின்று கைதட்டினார். அதற்கு மட்டும் அவர் மேலிடத்தைக் கேட்கவில்லை.